நான் அடைத்த ஓட்டை

வேலை தெரியாதவனால் கம்பெனிக்குப் பெரிய நஷ்டம் வருவதில்லை. அவனை யாரும் நம்புவதில்லை. நாலு பேர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வேலை கொஞ்சம் தெரிந்து, அது நன்றாகவும் வந்துவிட்டவன்தான் குடியைக் கெடுப்பான். எழுபதுகளின் நடுவில், திருவொற்றியூரில் கப்பலுக்குக் கயிறு இழுக்கும் வின்ச் செய்கிற ஒரு தொழிற்சாலையின் டிசைன் பிரிவில் அப்படி ஒருவன் இருந்தான். அவன் நான்தான். (தலையில் முடி மட்டும் அப்போது நிறைய.)

வெளிநாட்டுக் கூட்டாளிகளிடமிருந்து ஒரு பிராக்கெட்டின் படம் வந்திருந்தது. வின்ச்சின் தண்டைத் தாங்கிப் பிடிக்கிற வார்ப்பிரும்புத் துண்டு அது. இன்னும் கனமான சுமையை அது தாங்குமா என்று தெரிய வேண்டும். நகரத்தின் தென்கோடியில் ஒரு கல்லூரியில் அறை நிறைய ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதைக் கேட்டுச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது.

கம்ப்யூட்டருக்குப் படம் பார்க்கத் தெரியாது. பிராக்கெட்டைப் பெரிதாக வரைந்து, முக்கோணம் முக்கோணமாகப் பிரித்து, ஒவ்வொரு முனைக்கும் ஓர் எண் போட்டு, அது எங்கே இருக்கிறது என்று அட்டைகளில் துளையிட்டுக் கொடுத்தால்தான் அதற்குப் புரியும். அகலமான இடங்களுக்குப் பெரிய முக்கோணங்கள் போதும். சின்னதாக ஒரு துளையோ வளைவோ வந்துவிட்டால், வெல்லக்கட்டியைச் சுற்றி எறும்பு மொய்ப்பதுபோலக் குட்டி முக்கோணங்கள் மொய்த்துவிடும். அந்தக் கம்ப்யூட்டரிலோ அத்தனைக்கும் இடம் கிடையாது. கணக்குக்கு வேண்டாத சின்ன விஷயங்களை முதலில் படத்திலிருந்து எடுத்துவிடு என்றார் கல்லூரிப் பேராசிரியர்.

அவர் சொன்னதில் தப்பில்லை. இன்று என் மகன் இதையேதான் திரைக்கு முன்னால் உட்கார்ந்து மவுஸைத் தட்டிச் செய்கிறான். ஆனால் எனக்கு அதில் ஒரு ருசி வந்துவிட்டது. உள்மூலைகளில் இருந்த வளைவுகளை எடுத்தேன். மேலே புடைத்து நின்ற எழுத்துகளை எடுத்தேன். பேரிங்குக்கு எண்ணெய் போவதற்காக, வார்க்கும்போதே பிராக்கெட்டின் உடம்புக்குள் விடுகிற வளைந்த துளை ஒன்று இருந்தது; அதையும் அடைத்தேன். வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. கண்ணில் பட்டதிலிருந்தெல்லாம் மனசுக்குள் எதையாவது எடுத்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் சாப்பிடும்போது ஸ்டெல்லாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமான புதிது. அவளும் என்னவோ எதிர்பார்த்து, "இன்னாங்க, அப்பிடிப் பாக்குறீங்க?" என்றாள். உன் முகத்தைக் கணக்குப் போடுவதாக இருந்தால் அந்தக் கன்னத்து மச்சத்தை எடுத்துவிடலாம் என்றேன். அன்று எனக்கு வெறும் ரசம்தான்.

பிராக்கெட் தாங்கும் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது. அத்தோடு நான் விட்டிருக்க வேண்டும். முக்கோணம் போடுவதற்கு முன் துடைத்து வைத்திருந்த அந்த உருவம் அவ்வளவு அழகாக இருந்ததால், அதை டிரேசிங் தாளில் மையால் தனியாக எடுத்தேன். வெளிநாட்டுப் படம் மடித்து மடித்து மங்கிப் போயிருந்தது. என்னுடையது பளிச்சென்று இருந்தது. கீழ்மூலைக் கட்டத்தில் அதே பாக எண்ணை எழுதிக் கையெழுத்தும் போட்டு, படங்கள் வைக்கிற அலமாரியில் வைத்தேன். 'கணக்குக்கு மட்டும்' என்று எழுத வேண்டிய இடத்தில் என் கையெழுத்தின் வால் நீண்டு கிடந்தது. புதிதாக பிராக்கெட் வார்க்க உத்தரவு வந்தபோது, அலமாரியில் அந்த எண்ணைத் தேடியவர்கள் என்னுடையதைத்தான் எடுத்துப் பிரிண்ட் போட்டார்கள். நானாக இருந்தாலும் அதையேதான் எடுத்திருப்பேன்.

பிரிண்ட் பேட்டர்ன் ஷாப்புக்குப் போயிற்று. மண்ணில் அச்சுப் பதிப்பதற்கு மரத்தில் மாதிரி செய்கிற இடம் அது. அங்கே வேலை செய்தவர் சூசை, ஸ்டெல்லாவின் அண்ணன். எனக்குப் பெண் கொடுக்க அவர்கள் வீட்டில் எல்லோரையும் சம்மதிக்க வைத்தவரே அவர்தான். ஷாப்பின் ஃபோர்மேன் ஓய்வு பெறப் போகிறார், அடுத்தது சூசைதான் என்று கேட்டிலிருந்து கேண்டீன் வரை பேச்சு. கொருக்குப்பேட்டையில், ரயில் போகும்போதெல்லாம் பாத்திரம் குலுங்குகிற ஒற்றை அறையில் அவரும் மனைவியும் மூன்று பெண்களும் இருந்தார்கள். ஃபோர்மேன் ஆனால் கம்பெனி வீடு உண்டு. அந்த வீட்டின் பின்னால் ஒரு முருங்கை மரம் இருக்கிறது என்பதுவரை அவர் மனைவி விசாரித்து வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் பூசை முடிந்து வெளியே வந்தபோது சூசை என் தோளில் கை போட்டார்.

"மாப்ள, உன் படத்தப் பாத்தேன். மூலையெல்லாம் கத்தி மாதிரி கீது, எண்ண ஓட்டையையும் காணோம். சரியாத்தான் கீதா?"

அவர் கேட்பது வார்க்கப்போகிற படத்தைப் பற்றி என்று எனக்கு உறைக்கவில்லை. என் கம்ப்யூட்டர் கணக்கின் புகழ் பேட்டர்ன் ஷாப் வரைக்கும் போய்விட்டது என்றுதான் தோன்றியது.

"யோசிக்காம நான் எதையும் எடுக்கல மச்சான். எடுத்ததெல்லாம் தேவையில்லாதது. கம்ப்யூட்டரே ஒத்துக்கிச்சு" என்றேன்.

சூசை மரியாதையோடு தலையாட்டினார். பிறகு மனைவியிடம் என்னைக் காட்டிப் பெருமையாக ஏதோ சொன்னார்.

வார்ப்புகள் வந்தன. ஆறும்போதே பாதி அந்தக் கூர்மூலைகளில் விரிசல் விட்டுவிட்டன. விரிசல் விடாதவை மெஷின் ஷாப்புக்குப் போயின. எண்ணெய் போக வழி எங்கே என்று அங்கிருந்தவர்கள் பிராக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். வளைந்து போகிற துளை என்பதால் பின்னால் டிரில் போட்டுக் குடையவும் முடியாது. அத்தனையையும் மறுபடி உருக்க வேண்டியதுதான். (எண்ணெயே கேட்காத பேரிங் எங்காவது கிடைத்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.)

மானேஜர் இரண்டு படங்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து எங்களைக் கூப்பிட்டார். படத்தில் இருந்ததைச் செய்தேன் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார் சூசை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. பிறகு எனக்கு விழுந்தது பாருங்கள் ஏச்சு, அது முழுக்க எனக்கு உரியதுதான்.

அதோடு போயிருந்தால் சூசைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. படத்தில் உள்ளதைச் செய்தவர்மேல் யார் என்ன சொல்ல முடியும்? எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. மச்சானைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று சாயந்திரம் தனியாக மானேஜரிடம் போனேன். சூசைமேல் ஒரு தப்பும் இல்லை, படத்தைப் பார்த்ததுமே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது, கோயில் வாசலில் என்னைக் கேட்டார், நான்தான் சரி என்று சொன்னேன் என்றெல்லாம் கண் கலங்கச் சொன்னேன்.

மானேஜர் பேனாவை மூடி வைத்தார்.

"சந்தேகம் வந்துச்சா? வந்தும் ஆபீஸ்ல கேக்காம, தங்கச்சி புருஷனைக் கேட்டுட்டு வேலையை ஓட்டினாரா?"

எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் பேசியதுதான் வழியை மறித்துக்கொண்டு நின்றது. ஃபோர்மேன் வேலை வேறொருவருக்குப் போயிற்று. வீடும் முருங்கை மரமும் அவருக்கே போயின.

கொருக்குப்பேட்டைக்குப் போய் சூசையிடம் நடந்ததைச் சொன்னேன். பாதியில் ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. அது முழுக்கப் போகும்வரை காத்திருந்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. அவர் மனைவி எழுந்து அடுப்புப் பக்கம் போய்விட்டார். சூசை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"நா வாய மூடிகினு இருந்தேனே மாப்ள" என்றார். "நீயும் மூடிகினு இருந்திருக்கலாம்."

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர்கள் எங்கள் வீட்டுக்கு வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வந்தார்கள். ஸ்டெல்லா மெதுவடை சுட்டுக்கொண்டிருந்தாள். சூசை நேராக அடுப்படிக்குப் போய், மாவை எடுத்துக் கையில் தட்டி, நடுவில் ஓட்டை போடாமல் அப்படியே எண்ணெயில் விட்டார். வெந்ததும் என் தட்டில் கொண்டுவந்து வைத்தார்.

"மாப்ளைக்கு ஓட்ட தேவையில்ல. கம்ப்யூட்டரே சொல்லிகீது."

முதலில் சிரித்தது அவர் மனைவிதான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், என் முகம் எப்படி இருந்தது என்று தெரியாது. ஓட்டை போடாத வடை வெளியே கருகினாலும் நடுவில் வேகாது, மாவாகவே இருக்கும். அப்படியே தின்றேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எனக்கு ஓட்டையில்லாத வடைதான். சூசை போய்விட்டார், இப்போது அவருடைய மூத்த பெண் வந்து சுடுகிறாள். புதிதாக வந்தவர்கள் யாராவது என் தட்டைப் பார்த்து விழித்தால், உட்கார வைத்து முழுக் கதையையும் சொல்கிறாள்.

ஒரே ஒரு தடவைதான் அந்த வழக்கம் தவறப் பார்த்தது. சூசை பேட்டர்ன் மேக்கராகவே ஓய்வு பெற்ற வருடம் அது. அவர் மனசு நோகுமே என்று ஸ்டெல்லா என் வடையிலும் நடுவில் விரலை விட்டு ஓட்டை போட்டுவிட்டாள். சூசை என் தட்டைப் பார்த்தார். அந்த வடையை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டு தங்கையைக் கூப்பிட்டார்.

"ஒரு ஃபோர்மேன் வேலையக் குடுத்து வாங்குன வடைம்மா அது. ஒழுங்கா ஓட்ட இல்லாம சுட்டுக் குடு."

சுட்டுக் கொடுத்தாள். வழக்கம்போல நடுவில் வேகவில்லை. சூசை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மிச்சம் வைக்காமல் தின்றேன்.