உன் மருமகன் முதுகில் ஆறு கோடு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நாங்கள் நலம், நீயும் அத்தானும் நலமா என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். எழுதிவிட்டேன். முதல் பாதியை நம்பாதே.

செவ்வாய்க்கிழமை உன் மருமகன் பள்ளியிலிருந்து போன் வந்தது, வேலையைப் பாதியில் விட்டு ஓடினேன். நீச்சல் வகுப்பில் சட்டையைக் கழற்றியபோது அவன் முதுகில் குறுக்காக ஆறு சிவப்புக் கோடுகள் இருந்தனவாம். தலைமையாசிரியை என்னை நிற்க வைத்தே கேட்டார்: "என்ன வேலை பாக்குறீங்க?" "பெல்ட்டுலதாங்க" என்றேன். பிஸ்கட் கம்பெனியில் ஓடுகிற பெல்ட்டில் நின்று பெட்டி அடுக்குகிறவன் வேறு என்ன சொல்வான்? "வீட்லயும் பெல்ட்டா?" "வீட்ல ஏதுங்க? அங்கதான், தினம் எட்டு மணி நேரம்." அந்த அம்மா மளமளவென்று எழுதினார். நல்லபடியாகப் பேசுகிறேன் என்று நினைத்து, "கை வலிச்சாலும் நிறுத்த முடியாதுங்க" என்று வேறு சேர்த்துத் தொலைத்தேன். அழுக்குச் சீருடையில் வருகிறவன் பிள்ளையை அடிக்கத்தான் செய்வான் என்று அவர்களுக்கு எப்போதோ முடிவாகிவிட்டது. காரில் வந்திருந்தால் முதலில் நாற்காலி போட்டிருப்பார்கள். எனக்குக் கிடைத்தது, "டாக்டர் சீட்டு கொண்டு வாங்க, இல்லன்னா புள்ளைய உங்ககிட்ட விடலாமான்னு மேல எழுதுவேன்."

மறுநாள் அரை நாள் வரிசையில் நின்றோம். தோல் டாக்டர் இரண்டே நிமிடம் பார்த்தார். "ஒரே வருஷத்துல மளமளன்னு வளந்தானா?" "அரை அடிங்க. எடையும் ஏறிடுச்சு." "அதான். உடம்பு வளந்த வேகத்துக்குத் தோல் ஈடு கொடுக்கல, உள்ளுக்குள்ள கிழிஞ்ச தழும்பு இது. போகப்போக வெளுத்து மங்கும், முழுசா அழியாது. ஆபத்தில்ல." 'ஒரே வாரத்துல காணாமப் போயிடும்ணே' என்று மருந்துக் கடைக்காரர் தலையில் கட்டிய களிம்பைக் காட்டினேன். முகர்ந்து பார்த்து, "வாசனை நல்லாருக்கு. தோல் வறளாது. கோடு போகாது" என்றார்.

சீட்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்காரியே பள்ளிக்குப் போனாள். "இவனச் சுமந்த வயித்துலயும் இதே கோடுதாங்க டீச்சர், பதினாலு வருஷமா இருக்கு. அதுக்கு யார் மேல எழுதுவீங்க?" சீட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மன்னிப்பு இல்லை. கோப்பில் 'பெல்ட்' என்று எழுதியதை அடிக்கவும் இல்லை.

நான் அவன் மேல் கை வைத்ததில்லை என்பது உனக்குத் தெரியும். அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. அந்தப் பள்ளிக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் அவனிடம் படித்துக் காட்டினேன். "டீச்சரத் திட்டாதீங்கப்பா. நான்தான் நீங்க அடிச்சதா சொன்னேன்" என்றான். ஏன்டா என்றேன். "குண்டானதால வந்த கோடுன்னு தெரிஞ்சா கிளாஸே சிரிக்கும். அடின்னா பாவம்னு விட்டுருவாங்க. மூணு நாளா யாருமே என்னை டயர்னு கூப்பிடலப்பா." டாக்டர் சீட்டைத் திருப்பிக் கேட்டால் தருவார்களா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.