என் ஸ்கூட்டரின் பிறவிச் சத்தம்

ஒரு குடிமகள் தன் வண்டியைத் தானே ரிப்பேர் பார்த்துக்கொள்வதைத் தைவான் தேசத்தின் எந்தச் சட்டமும் தடுப்பதாக எனக்குத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் நான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தேன்.

என் பெயர் துவான் யா-லான். கடற்கரையோரம் சுவெய்தாவ் ஊரில் காலை டிபன் கடை வைத்திருக்கிறேன். என் பெயர் யாருக்கும் தெரியாது, தேவையும் இல்லை. வருகிறவர்கள் என்னை "முதலாளியம்மா" என்பார்கள், நான் அவர்களை "அழகு ராசா" என்பேன். எங்கள் தொழிலில் வழுக்கைத் தலையும் அழகு ராசாதான், பல் போனவரும் அழகு ராசாதான். விடிந்ததும் விடியாததுமாக முட்டை தோசையும் சோயாப் பாலும் கட்டிக்கொண்டு மீன் சந்தைக்குப் போய்க் கொடுத்துவிட்டு வருவேன். கடையின் பாதி வருமானம் அந்தச் சந்தையில்தான்.

போவது ஒரு கிழட்டு ஸ்கூட்டரில். ஐம்பது சி.சி., குட்டி வண்டிகளுக்கு மட்டும் தருகிற பச்சை நம்பர் பிளேட். இதைவிடப் பெரிய வண்டியை நான் தொட முடியாது. தொட வேண்டுமென்றால் லைசென்ஸ் பரீட்சையில் ஒரு ஒல்லிக் கோட்டுக்குள் காலை ஊன்றாமல், ஏழு விநாடிக்குக் குறையாமல், ஆமை மாதிரி ஓட்டிக் காட்ட வேண்டும். ரோட்டில் எவனும் அப்படி ஓட்டுவதில்லை. ஓட்டினால் பின்னால் வருகிறவன் ஏற்றிவிடுவான். ஆனாலும் அரசாங்கம் வேகத்தைச் சோதிப்பதில்லை, நிதானத்தைத்தான் சோதிக்கிறது. எனக்கு எதில்தான் நிதானம் இருந்தது? போகும்போதெல்லாம் காலை ஊன்றி ஃபெயில். கார் லைசென்ஸ் இருப்பவர்கள் ஐம்பது சி.சி. ஓட்டிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை உண்டு, அதில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. கடையில் போய்க் கேட்டால் இப்போது இந்த மாதிரி வண்டியே கிடையாது என்கிறார்கள். ஆகவே அந்தப் பச்சை பிளேட் போனால் மீன் சந்தை போச்சு, மீன் சந்தை போனால் கடை போச்சு.

அப்பேர்ப்பட்ட வண்டி ஒருநாள் காலை ஸ்டார்ட் ஆகவில்லை.

உதைத்தேன். இன்னும் உதைத்தேன். பெட்ரோல் வாடைதான் வந்தது. கடையில் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை அழகு ராசாக்களும் தட்டோடு எழுந்து வந்து வண்டியைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஒருத்தருக்கும் வண்டி வேலை தெரியாது, அபிப்பிராயம் மட்டும் தட்டு நிறைய இருந்தது.

"பேட்டரிதான்," என்றார் ஒருவர்.

"பேட்டரி போனாலும் உதைச்சா கிளம்பணுமே? இது ஆவி மாசம், செத்தவங்க ஆவியெல்லாம் வெளியே திரியற நேரம். தண்ணிப் பக்கம் நிறுத்தியிருப்பீங்க," என்றார் இன்னொருவர்.

"ஹேண்டில்ல பச்சைப் பொட்டலம் கட்டலையா முதலாளியம்மா?" என்று கேட்டான் அ-காய். அ-காய் வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிறவன், வயசுப் பையன், எங்கள் ஊர் நாகரிகத்தின் உச்சி. அவன் ஸ்கூட்டரின் அடியில் ஊதா விளக்கு எரியும், திருகாணி ஒவ்வொன்றும் மயில் கழுத்து நிறத்தில் மின்னும். அந்தத் திருகாணியால் வண்டி வேகமாகப் போகும் என்று சத்தியம் செய்வான்.

இயந்திரம் சொன்ன பேச்சுக் கேட்க வேண்டுமானால் தேங்காய் வாசனை நொறுக்குத்தீனிப் பொட்டலம் ஒன்றை அதன்மேல் வைக்க வேண்டும் என்பது எங்கள் நாட்டில் பொறியாளர் முதல் பொட்டிக்கடை வரை எல்லாருக்கும் தெரியும். பச்சைப் பொட்டலமாக இருக்க வேண்டும், தேதி தாண்டியிருக்கக் கூடாது. வாங்கிக் கட்டினேன். வண்டிக்குத் தேங்காய் பிடிக்கவில்லை போலும்.

வேறு வழியில்லாமல் ஃபோனில் வீடியோ பார்த்துப் பிளக்கைக் கழற்றினேன். அடுப்புக்கரி மாதிரி இருந்தது. பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரால் தேய்த்துத் துடைத்து மாட்டினேன். காற்று வடிகட்டியைத் திறந்தால் பஞ்சு பொடிப்பொடியாய் உதிர்ந்தது. காற்றை வடிகட்டுவதும் பாலை வடிகட்டுவதும் ஒன்றுதானே? சோயாப் பால் வடிகட்டுகிற துணியை மடித்து வைத்தேன். புகைக்குழாயில் ஒரு ஓட்டை, அதுதான் இத்தனை நாளாக டபடபவென்று அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. காலிப் பால் டின்னை வெட்டிச் சுற்றி, கம்பியால் இறுக்கினேன். ஒரு உதை. வண்டி கிளம்பியது, அதுவும் சத்தமே இல்லாமல். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பிள்ளை பிறந்தபோதுகூட அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

அந்தப் பெருமையைப் பான் சார் ஃபோட்டோ எடுத்துக்கொண்டார்.

பான் சார் எதிர்வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற துணைத் தலைமையாசிரியர். தினமும் என் கடையில் முள்ளங்கிப் பணியாரம் சாப்பிடுவார், சாப்பிட்டுக்கொண்டே தெருவில் போகிறவர்கள்மேல் புகார் போடுவார். எங்கள் ஊரில் இப்போது அதுதான் மோஸ்தர். முன்பெல்லாம் பெரியவர்கள் கிளி வளர்த்தார்கள், இப்போது ஃபோனும் கையுமாகப் புகார் வளர்க்கிறார்கள். புகார் நிலைத்தால் அவருக்கு அன்று பணியாரம் இன்னொன்று உள்ளே போகும்.

நகர ஒலி ஒழுங்குப் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. என் வாகனம் "பொது அமைதிக்கு ஊறு விளைவிக்கும் தோற்றம்" உடையதாக ஒரு குடிமகன் ஃபோட்டோ ஆதாரத்துடன் தெரிவித்திருப்பதால், சோதனைத் திடலுக்கு வண்டியோடு வர வேண்டுமாம். வராவிட்டால் நம்பர் பிளேட் ரத்து.

கடிதத்தோடு பான் சாரிடம் போய், "சத்தத்தை எப்படி சார் ஃபோட்டோ எடுத்தீங்க?" என்றேன்.

"நான் பொதுநலத்துக்காகச் செஞ்சேன். உங்களை மாதிரி நல்லவங்களைத்தான் முதல்ல திருத்தணும்," என்றார். "சோயாப் பால்ல இன்னைக்குச் சர்க்கரை கம்மி."

திடலில் மேசை போட்டு அலுவலர் ஹௌ உட்கார்ந்திருந்தார். மரியாதையான மனிதர், அதுதான் ஆபத்து. சத்தத்தை அளக்கும் அவருடைய ஒலிமானியின் தலையிலும் பச்சைப் பொட்டலம் இருந்தது. முதலில் பொட்டலத்தின் தேதியைச் சரிபார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அக்கா, சோதனைன்னா இன்ஜின் விதியில போட்டிருக்கற வேகத்துல சுத்தணும். அப்பதான் அளக்க முடியும். முறுக்குங்க."

முறுக்கினேன். வண்டி லேசாக முனகியது.

"இன்னும்."

"இதுக்கு மேல போகாது சார். வடிகட்டில துணி இருக்கு."

"அப்போ அளக்க முடியாது."

"அதான் சத்தமே இல்லையே! காது இருக்குல்ல உங்களுக்கு?"

"சத்தம் இல்லைங்கறது உங்க அபிப்பிராயம் அக்கா. எனக்கு நம்பர் வேணும். நம்பர் இல்லைன்னா சோதனை நடக்கலை. சோதனை நடக்கலைன்னா நீங்க வரலை."

"நான் உங்க முன்னாடி நிக்கறேன்!"

"நிக்கறீங்க. ஆனா வரலை." அதை எழுதியும் கொண்டார். பிறகு குனிந்து புகைக்குழாயைப் பார்த்து, "இந்தப் பால் டின்ல பசு மாட்டுப் படம் இருக்கே. வாகனத்துல விளம்பரம் வெக்க வேற பிரிவுல அனுமதி வாங்கணும்," என்றார்.

"சரி, நான் இப்போ என்ன செய்யணும்?"

"இன்ஜின் வேகத்தை எட்டணும்."

"அதுக்கு வண்டியை மாத்தணும். மாத்தக் கூடாதுன்னுதானே கூப்பிட்டிருக்கீங்க?"

அலுவலர் ஹௌ பேனாவைக் கீழே வைத்தார். "மாத்தக் கூடாது. அளவீட்டுத் தகுதிக்காகச் சீரமைக்கலாம். ரெண்டும் வேற வேற வார்த்தை அக்கா."

இப்படியாக, சத்தம் போடாத என் வண்டியைச் சத்தம் போட வைக்கும் அரசாங்கப் பணி தொடங்கியது. சொன்னதுமே அ-காய்க்குக் கண் கலங்கிவிட்டது. "முதலாளியம்மா, அரசாங்கமே மாத்தச் சொல்லுதா? நம்ம நாடு முன்னேறிடுச்சு!" என்றான்.

கடை வாசலில் வண்டியைப் பிரித்தோம். அவன் சொல்லச் சொல்ல நான் கழற்றினேன். பெல்ட் பெட்டிக்குள் உருளைகளை மாற்றி இலேசானதாகப் போட்டோம். கார்புரேட்டரில் பெட்ரோல் வழியும் துளையைப் பெரிதாக்கினோம். ஒரு ஸ்பிரிங் விட்டுத் தெறித்து யாருடைய சூப்பிலோ விழுந்தது, அவர் அதையும் அபிப்பிராயத்தோடு எடுத்துக் கொடுத்தார். பால் டின் போய், பீரங்கி வாய் மாதிரி ஒரு புகைக்குழாய் வந்தது. கடைசியில் ஒரு போல்ட் மிச்சம்.

"இது எங்கேடா?"

"மிச்சம் வந்தா எடை குறையும், வேகம் கூடும். கவலைப்படாதீங்க."

"நான் விழுந்தா?"

"மெதுவா விழுங்க."

உதைத்ததும் எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பான் சார் வாயிலிருந்த பணியாரம் அப்படியே நின்றுவிட்டது. எனக்கு அழுகை வந்தது, கொஞ்சம் சிரிப்பும் வந்தது. இந்தச் சத்தத்தோடு போனால் பிளேட்டைப் பிடுங்கிக்கொண்டுதான் அனுப்புவார்கள், போகாவிட்டாலும் பிடுங்குவார்கள். போய்ப் பிடுங்கக் கொடுப்போம் என்று போனேன்.

திடலில் முறுக்கியபோது ஒலிமானியின் மேலிருந்த பொட்டலம் துள்ளிக் கீழே விழுந்தது. அலுவலர் ஹௌவின் முகத்தில் நான் கண்ட மலர்ச்சியை எந்தக் கல்யாண மாப்பிள்ளையிடமும் கண்டதில்லை.

"அக்கா! நம்பர் வந்துடுச்சு!"

"பெரிய நம்பரா சார்?"

"இந்தத் திடல்ல இவ்வளவு பெரிய நம்பர் வந்ததே இல்லை."

"அப்போ பிளேட்?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"பொறுங்க. ஒரு வண்டி பிறந்தப்போ என்ன சத்தம் போட்டுதோ, அதுக்கு மேல போடக் கூடாது. அதுதான் விதி. உங்க வண்டியோட பிறவிச் சத்தம் என்னன்னு பாக்கறேன்." பார்த்தார். பதிவேட்டை வெகுநேரம் புரட்டினார். "இல்லையே. இந்த வண்டி விதிக்கு முன்னாடியே பிறந்திருக்கு. பிறவிச் சத்தம் பதிவாகலை."

"அப்படின்னா?"

"பதிவில்லாத வண்டிக்கு, முதல் தடவை அளக்கற சத்தம்தான் பிறவிச் சத்தம். போன தடவை நீங்க வரலை. ஆகவே இன்னைக்குத்தான் முதல் தடவை. இன்னைக்கு அளந்த சத்தம் பிறவிச் சத்தத்தைத் தாண்டலை பாருங்க, சரியா அதே அளவுதான் இருக்கு. பாஸ்!"

பிளேட்டுக்குப் பக்கத்தில் பளபளவென்று முத்திரை ஒட்டினார். ஒட்டிவிட்டு, "ஒரு விஷயம் அக்கா. இதுக்கு மேல சத்தத்தைக் குறைச்சீங்கன்னா அது அனுமதியில்லாத மாற்றம். பிளேட் ரத்தாயிடும். அப்படியே காப்பாத்துங்க," என்றார்.

மறுநாள் விடியலில் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு மீன் சந்தைக்குக் கிளம்பினேன். தெரு முழுக்க விளக்கு எரிந்தது. பான் சார் புகார் போட்டார். அலுவலர் ஹௌ ஒலிமானியோடு வீட்டுக்கே வந்து அளந்து, "ஒரு துளிகூடக் குறையலை. பொறுப்பான குடிமகள்," என்று எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டிவிட்டுப் போனார். முத்திரை வாங்கிய வண்டிமேல் புகார் செல்லாதாம்.

எனக்கும் மனசு என்று ஒன்று இருக்கிறதே. அன்றைக்கே பான் சாரின் பழைய ஸ்கூட்டரை ஃபோட்டோ எடுத்து அனுப்பினேன். பொதுநலம்தான்.

கடிதம் வந்ததும் துணைத் தலைமையாசிரியர் முகம் வெளுத்து என் கடைக்கு ஓடிவந்தார். "யா-லான், என் வண்டியும் அந்த வேகத்தை எட்டாதே! பிளேட் போனா பேத்தியை யாரு ஸ்கூல்ல விடறது?" அப்போதுதான் தெரிந்தது, அவருக்கு என் பெயர் தெரியும்.

அ-காய் அவர் வண்டிக்கும் பீரங்கி வாய் பொருத்தினான். ஊதா விளக்கும் போட்டான், அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. முத்திரை இல்லாத வண்டிக்குத்தான் ஆபத்து என்று தெரிந்ததும் பக்கத்துவீட்டுக்காரர், மருந்துக்கடை, கோவில் பூசாரி எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் புகார் போட்டுக்கொள்ளும் முன்பாகத் தாங்களே வரிசையில் போய் நின்று, முறுக்கிக் காட்டி, பிறவிச் சத்தம் பதிந்துகொண்டு வந்தார்கள். சத்தம் பதியாத பழைய வண்டிக்குத்தானே இந்த யோகம், அது இல்லாதவர்கள் எங்கெங்கோ தேடி வாங்கினார்கள்.

போன வாரம் எங்கள் தெருவில் விழா. ஒலிப் புகார் ஒன்றுகூட இல்லாத ஒரே தெரு என்று ஊரில் எங்களுக்குத்தான் "முன்மாதிரி அமைதித் தெரு" கேடயம். அலுவலர் ஹௌ தாமே சிபாரிசு செய்தாராம். நாங்கள் எல்லாரும் வண்டிகளை முறுக்கி நிறுத்தி மரியாதை செய்தோம். நகரத் தலைவர் கேடயத்தை என் கையில் கொடுத்து, மைக்கைப் பிடித்து வெகுநேரம் பேசினார், நடுவில் எங்களிடம் ஏதோ கேட்டார். நான் பான் சாரைப் பார்த்தேன், பான் சார் பூசாரியைப் பார்த்தார், பூசாரி என்னைப் பார்த்தார். கொஞ்ச நாளாகவே எங்களில் யாருக்கும் காது சரியாகக் கேட்பதில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாரும் பலமாகக் கை தட்டினோம்.