மீன் பெட்டியில் உன் ஹோம் தியேட்டர்

சேசு மரி சூசை துணை

திரேஸ்புரம்,
தூத்துக்குடி.

ஏழு கடலையும் ஒரு இஞ்சின் ரூமையும் கட்டி ஆளும் என் மருமகன் ஜெஃப்ரிக்கு, உன் அம்மாவின் ஒரே தம்பியும் திரேஸ்புரம் மீன் ஏலக் கூடத்தின் தொண்டையுமாகிய மரியான் மாமா ஆசீர்வாதம் பல சொல்லி எழுதிக்கொண்டது. இங்கு நானும், உன் அம்மாவும், உன் தங்கை ஷீஜாவும், வாசலில் புதிதாகக் குடியேறியிருக்கும் பூனைகளும் சுகம். அங்கு உன் சுகமும், உன் கப்பலின் சுகமும், அதை ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருக்கும் கேப்டனின் சுகமும் அறிய ஆவல். வாட்ஸ்அப் இருக்க கடிதம் எதற்கு என்று கேட்பாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் பாதியிலேயே நீ எனக்கு ஃபோன் போட்டுவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. ஆகவே துறைமுகத்து ஏஜென்ட் ஆபீஸில் கொடுத்தனுப்புகிறேன். அடுத்த துறையில் உன் கைக்கு வரும். உட்கார்ந்து படி.

விஷயம் இரண்டு. ஒன்று, ஷீஜாவின் நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. இரண்டு, அதில் நீ மிக அருமையாகப் பேசினாய். என்ன பேசினாய் என்பது உனக்குத் தெரியாது என்பதால்தான் இந்தக் கடிதம்.

முதலில் இருந்து வருகிறேன். நீ கப்பலேறப் புறப்பட்ட அன்று என் தோளில் கை போட்டு, "மாமா, அம்மாவ ஷீஜா பாத்துக்கிடுவா, ஷீஜாவ அம்மா பாத்துக்கிடுவாங்க, என் ஹோம் தியேட்டர நீங்கதான் பாத்துக்கிடணும், சூடாக மட்டும் விட்டுராதீங்க" என்று சொன்னாய் அல்லவா. நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். ஆனால் உன் அம்மாவுக்கு சூடு எதிரியில்லை. அவளுக்கு உலகத்தில் ஒரே எதிரி உப்புக்காற்று. பழைய டிவியின் முதுகைத் தின்றது அது, ஃப்ரிட்ஜின் கால்களைத் தின்றது அது, உன் அப்பாவின் புல்லட்டை முழுசாகத் தின்றுவிட்டு ஏப்பம் விட்டது அது. ஆகவே உன் கப்பல் துறைமுகத்தின் அலைத்தடுப்பைத் தாண்டுவதற்குள், உன் ஹோம் தியேட்டரின் ஆம்ப்ளிஃபயர், வந்த பிளாஸ்டிக் உறையிலேயே மறுபடி ஏறி, கண்ணாடி ஷோகேஸுக்குள் போய், கதவு சாத்தி, இடுக்குகளில் டேப் ஒட்டி, தலையில் குரோஷா துணி போர்த்தி, துணிமேல் பனிமய மாதா சொரூபம் நின்று, மாதாவுக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தியும் எரியத் தொடங்கிவிட்டது. மேலே மெழுகுவர்த்தி, உள்ளே கரண்டு. நடுவில் உன் ஆம்ப்ளிஃபயர் கல்யாண வீட்டு அடுப்பில் ஏற்றின அண்டா மாதிரி உட்கார்ந்திருந்தது.

சூடு என்றால் உனக்கு இஞ்சின் ரூம் சூடுதான் தெரியும். அது சூடே இல்லை, குளிர்காலம். இங்கே அடித்த சூட்டில் ஷோகேஸ் கண்ணாடியில் வியர்த்தது. மேல்தட்டில் இருந்த பிளாஸ்டிக் ரோஜா மலர்ந்தது. தருவைகுளத்து மணலில் இரண்டு நாள் வெயில் வாங்கினால்தான் காயும் நெத்திலியை, உன் அம்மா ஒரு தட்டில் பரப்பி ஷோகேஸ் தலையில் வைத்தாள். வேதப்பாடல் சிடி முழுதும் ஓடி முடிவதற்குள் கருவாடாகிவிட்டது. பாட்டுக்கு ஏற்ற மாதிரி ருசியும் மாறுகிறது என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. அடிக்கடி பெட்டி தன்னால் அணைந்துவிடும். அணைந்தால் உன் அம்மா, "பாவம், களைச்சுப்போச்சு" என்று இன்னொரு துணியைப் போர்த்துவாள்.

நான் செந்தூர்பாண்டியைக் கூட்டி வந்தேன். டிவி மெக்கானிக். பெட்டியைத் திறக்காமலே, கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்து உடனே எடுத்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, இதுக்குக் காத்து வேணும். வெளிய எடுத்து வைங்க. தலையில ஒண்ணும் இருக்கக் கூடாது, பின்னால கை போற அளவுக்கு எடம் வேணும்."

"காத்துன்னா எந்தக் காத்து?" என்று உன் அம்மா கேட்டாள்.

"நம்ம காத்துதான் அக்கா."

"நம்ம காத்துல உப்புல்லா இருக்கு. உப்பில்லாத காத்து ஒங்க ஊர்ல இருந்தா கொண்டாந்து போடும்."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு கம்ப்யூட்டருக்குப் போடும் சின்ன ஃபேன் ஒன்றை ஷோகேஸுக்குள் மாட்டிவிட்டு, கதவைத் திறந்தே வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் தெருமுனை திரும்புவதற்குள் கதவு சாத்தியாயிற்று. அதன்பிறகு அந்த ஃபேன், உள்ளேயிருந்த அதே சூட்டை, புது பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் சுற்றுகிற மாதிரி, சுற்றிச் சுற்றிக் கொண்டுவந்து அதே இடத்தில் இறக்கிவிட்டது.

இது இப்படியே கிடந்திருந்தாலும் குடிமுழுகிப்போயிராது. அதற்குள்தான் புன்னைக்காயல் சம்பந்தம் கூடிவந்தது. மாப்பிள்ளை நல்ல பையன், ஷீஜாவுக்கும் பிடித்திருக்கிறது, உனக்கும் சம்மதம் என்று நீயும் செய்தி அனுப்பியிருந்தாய். ஆனால் எவனோ வேலையற்றவன் புன்னைக்காயலில், பெண்ணின் அண்ணனுக்கு இதில் இஷ்டமில்லை, அதனால்தான் ஊருக்கே வராமல் கப்பலில் இருக்கிறான் என்று கொளுத்திப்போட்டுவிட்டான். மாப்பிள்ளையின் அப்பா என்னிடம் நேராகவே சொன்னார்: "மரியான் அண்ணாச்சி, அப்பா இல்லாத புள்ள. அண்ணன்காரன் வாயால சம்மதம்னு சபை கேக்கணும். ஃபோன்ல ஒருத்தர் காதுக்குள்ள சொன்னாச் செல்லாது. கேக்கலன்னா நாங்க தட்ட எடுத்துக்கிட்டு எந்திரிச்சிருவோம், தப்பா நெனைக்கப்பிடாது."

அதனால்தான் உன் கப்பல் துறையில் நிற்கிற ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துக் குறித்தோம். டிவியில் உன் முகம், ஹோம் தியேட்டரில் உன் குரல். ஃபோன் சத்தம் முன்வரிசையைத் தாண்டாது; இதுவோ தூரத்து மணப்பாடு ஊரில் தூங்குகிறவனை எழுப்பும். டிவியின் சொந்த ஸ்பீக்கரை நீ ஊமையாக்கி வைத்திருக்கிறாய், அதை மறுபடி பேசவைக்கிற ரிமோட்டு வித்தையும் உன்னோடு கப்பலேறிவிட்டது. ஆக, எல்லாம் அந்த ஒரு பெட்டியின் தலையில் வந்து நின்றது. ஷீஜா சரியாகச் சாப்பிடவில்லை. "மாமா, அண்ணன் பேசும்போது அது அணைஞ்சுட்டுன்னா என் வாழ்க்கையும் அதோட அணைஞ்சுரும். ஒங்களத்தான் நம்பியிருக்கேன்" என்றாள். எப்போதும் என்னைக் கேலி பேசுகிற பிள்ளை. அன்று கேலியே இல்லை.

நான் யோசித்தேன். இத்தனை வருஷம் எதில் பிழைத்தேன்? மீனில். சித்திரை வெயிலில் கொல்லம் வரை லாரியில் போகிற சீலாமீனை, கண் மங்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது எது? தெர்மோகோல் பெட்டி. உப்பும் நுழையாது, வெயிலும் நுழையாது. உன் அம்மாவுக்கும் சமாதானம், செந்தூர்பாண்டிக்கும் சமாதானம். ஏலக் கூடத்திலேயே பெரிய பெட்டியாக ஒன்று பொறுக்கி, வயருக்கு மட்டும் ஓட்டை போட்டு, ஆம்ப்ளிஃபயரை உள்ளே படுக்கவைத்து மூடி, டிவிக்குப் பின்னால் திரைச்சீலை மறைவில் வைத்தேன். ஐஸ் போடவில்லை. கரண்டுப் பெட்டிக்குள் ஐஸ் போட நான் என்ன முட்டாளா? முதல்நாள் சாயந்தரம் ஷீஜா ஒரு பாட்டு போட்டுப் பார்த்தாள். கணீரென்று பாடியது. வாடை கொஞ்சம் இருந்தது. பூனைகள் அன்றுதான் குடிவந்தன.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. உன் அம்மா பூசை முடிந்து வந்தவுடன், வீடு களையாக இருக்க வேண்டும் என்று அந்தப் பெட்டியைப் பாட வைத்தாள். மாப்பிள்ளை வீட்டு வேன் வருகிறவரை அது நிறுத்தாமல் பாடியது. புன்னைக்காயலே இறங்கி வந்த மாதிரி கூட்டம். கூடத்தில் மூச்சுவிட முறை வைத்தார்கள். தட்டு வைத்தாயிற்று, ஜெபம் சொல்லியாயிற்று, டிவியில் உன் முகமும் வந்தாயிற்று. வெள்ளைச் சட்டையில் பிஷப்பாட்டம் இருந்தாய். வாயைத் திறந்தாய். சத்தம் இல்லை.

நான் திரைச்சீலைக்குப் பின்னால் பாய்ந்து பெட்டி மூடியைத் திறந்தேன். உள்ளேயிருந்து வந்த அனலில் என் மீசை ஒரு பக்கம் சுருண்டது, இன்னும் நிமிரவில்லை. ஆம்ப்ளிஃபயர் செத்த மீனாகக் கிடந்தது. ஷீஜா பிறகு சொன்னாள்: "மாமா, அந்தப் பெட்டி உள்ள இருக்கதக் காக்கும். குளிரப் போட்டா குளிரக் காக்கும், சூட்டப் போட்டா சூட்டக் காக்கும். நீங்க காலையில இருந்து சூட்டப் பொத்திப் பொத்தி வச்சிருக்கீங்க." பிறகுதான் சொன்னாள். அப்போது அவள் தலைகுனிந்து, விரலை விரலோடு பின்னிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். திரை இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

"என்ன, பையன் வாய் அசையுது, ஒண்ணத்தையும் காணோமே?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"சொல்லப் பிரியமில்ல போல" என்று பின்வரிசையில் ஒரு குரல்.

அவர் தட்டின் பக்கம் கையை நீட்டினார். நான் மூடியைச் சாத்தி, அதன்மேல் கையை ஊன்றி, தொண்டையைச் செருமினேன். மருமகனே, நீ உள்ளத்தில் வைத்திருந்ததைத்தான் சொன்னேன். தொண்டை மட்டும் என்னுடையது.

"எனக்குச் சம்மதம்" என்று உன் குரலில் சொன்னேன். இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சபை என்றால் எனக்கு ஏலச் சபைதான் பழக்கம். "சம்மதம் ஒரு தரம், சம்மதம் ரெண்டு தரம், சம்மதம் மூணு தரம்" என்று வந்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பாதான் முதலில் கைதட்டினார். "மூணு தரம் சொல்லிட்டான்யா. அப்படியே தாய்மாமன் தொண்ட" என்றார். நீயோ நிறுத்தவில்லை. "கேக்குதா, மாமா, கேக்குதா" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்திருப்பாய். வாய் அசைந்துகொண்டே இருந்தது, நானும் உடன் வர வேண்டியதாயிற்று. தங்கையை வாழ்த்தினாய். இஞ்சினைத் தோற்கடிக்கும் குரலில் மாப்பிள்ளையைத் தம்பி என்று அழைத்தாய். என் மாமா மரியான் இல்லையென்றால் இந்தக் குடும்பம் கரையேறியிராது என்று நா தழுதழுக்கச் சொன்னாய். அதைக் கேட்டு எனக்கே கண் கலங்கிவிட்டது. ஷீஜாவுக்கு முதல் 'சம்மதம்' சொன்னபோதே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. முகத்தைக் கைக்குட்டையில் புதைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். அண்ணனை நினைத்து அழுகிறாள் என்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து அழுதார்கள். அந்த அழுகைக்கு நடுவே மாப்பிள்ளை மோதிரம் போட்டான்.

உனக்கு எங்கள் பக்கத்துச் சத்தம் கடைசிவரை வரவில்லை, படம் மட்டும்தான் வந்தது, என்ன ஆயிற்று மாமா என்று அன்றே செய்தி அனுப்பியிருந்தாய். நான் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினேன். அதன் முழு விளக்கம்தான் மேலே உள்ளது. பெட்டியைப் பற்றிக் கவலைப்படாதே. ஆறவைத்த பிறகு உயிர் வந்துவிட்டது, ஒரு குறையும் இல்லை, பூரண ஆரோக்கியம். இனி உன் வீட்டில் அது ஒருநாளும் சூடாகாது, அதற்கு நான் பொறுப்பு. கல்யாணத் தேதி குறித்ததும் எழுதுகிறேன். லீவு சொல்லி வந்து சேர். வந்து உன் சொந்தத் தொண்டையில் ஒருமுறை சம்மதம் சொல்லிவிட்டால் என் மனசுக்கும் நிம்மதி. பனிமய மாதா உன் கப்பலுக்கு முன்னாலும் பின்னாலும் காவலாக வரட்டும்.

அம்மாவின் முத்தங்களும் ஷீஜாவின் அடக்க முடியாத சிரிப்பும் சேர்த்து,
உன் மாமன்,
மரியான்.

பி.கு.: பெட்டி ஆரோக்கியமாக இருக்கிறது என்று எழுதினேன், எங்கே இருக்கிறது என்று எழுத விட்டுப்போயிற்று. மோதிரம் போட்ட பிறகு, "தம்பி, சபைக்கு வேற ஏதும் சொல்லணுமா?" என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார். உன் வாய் அப்போதும் அசைந்தது. என் கை மீன் பெட்டி மூடிமேல் இருந்தது. இத்தனை வருஷத்தில் மூடிமேல் கை இருக்கும்போது என் வாய் சும்மா இருந்ததில்லை. "நல்ல பெட்டி, புதுப் பெட்டி, உள்ளதோட சேத்து, புன்னைக்காயலுக்கு ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று நீ சொல்லிவிட்டாய். மூன்று தரம் சொன்ன பிறகு திரும்பப் பெறுகிற வழக்கம் நம் ஏலக் கூடத்தில் கிடையாது. ஸ்பீக்கர்களோடு மினி லாரியில் அன்றைக்கே போய்விட்டது; பூனைகளில் பாதி பின்னாலேயே போயின. அவர்கள் வீடு கடலுக்கு இன்னும் பக்கம். உப்புக்காற்றுக்குப் பயந்து மூடியை இறுக்கிக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்களாம். இன்று காலையில் கூப்பிட்டு, பாதிப் பாட்டில் நின்றுபோகிறது, என்ன செய்யலாம் என்று அண்ணனிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார்கள். நீ சிரமப்பட வேண்டாம். உன் குரலில் நானே பதில் சொல்லிவிட்டேன்.