முப்பத்தொன்றாம் எண் வட்டம்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி ஏழு நிமிடத்துக்கு மனித குலம் ஒரு படி உயர்ந்தது. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக் கணினியில் இயங்குதளத்தின் புதிய பதிப்பு ஏறியது. மேலாளர் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். நிரல் எழுதும் பெண் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கணினிக்குள் ஓடும் ஒவ்வொரு வேலையும் ஓர் இழை. ஒவ்வொரு இழைக்கும் ஒரு முன்னுரிமை எண். பெரிய எண் முதலில் ஓடும்; அது ஓயும்வரை சின்ன எண் காத்திருக்கும். எண்களை வழங்கியது, மூன்று முறை கூடிய "முன்னுரிமைக் குழு". மேலாளர் திரையில் சுழலும் "சேவைத் தர" வட்டத்துக்கு முப்பத்தொன்று. தலைவரின் வரவேற்புப் படத்துக்கு முப்பது. அழைப்பு பதிவானதும் ஓட்டுநர் அறையில் அடிக்க வேண்டிய மணியின் சார்பில் கூட்டத்துக்கு யாரும் வரவில்லை. அதற்கு நான்கு.

பதினொரு மணி வரை வட்டம் வெண்ணெய் போல வழுக்கிச் சுழன்றது. மணி அடிக்கவில்லை.

"பாத்தீங்களா? ஊருக்கே உடம்பு நல்லாயிடுச்சு" என்றார் மேலாளர்.



பன்னிரண்டுக்கு ஒருவர் கட்டுப் போட்ட காலோடு, மனைவியின் தோளைப் பிடித்தபடி நொண்டி வந்தார்.

"ஒன்பதரைக்கு வண்டி கேட்டோம். பஸ்லயே போய்க் கட்டுப் போட்டுட்டு வந்துட்டோம். இனிமே அனுப்பிடாதீங்கன்னு சொல்லத்தான் வந்தோம்" என்றாள் மனைவி.

"போன்லயே சொல்லியிருக்கலாமே?" என்றார் மேலாளர்.

"வண்டி வேணும்னும் போன்லதான் சார் சொன்னோம்."

மேலாளர் போர்க்கால வேகத்தில் இயங்கினார். பத்தே நிமிடத்தில் கடிதம் அச்சானது: "தாமதத்துக்கு நிரல் எழுதியவரே முழுப் பொறுப்பு." கையெழுத்திட்டால் அவள் வேலை போய்விடும்.

"சும்மா ஒரு கையெழுத்துதாம்மா" என்று பேனாவை நீட்டினார்.

அவள் பேனாவை வாங்கவில்லை. மேலாளரின் கணினிப் பக்கம் குனிந்து வட்டத்தை நிறுத்தினாள். ஓட்டுநர் அறையில் மணி அடித்தது. காத்திருந்த அழைப்புக்கு ஒன்றாக, நிற்காமல் பதினான்கு முறை. வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின.

"என் வட்டம் எங்கம்மா?"

"நிறுத்திட்டேன் சார்."

"பழைய பதிப்புல இந்த வம்பே இல்லையே? அதுலயும் இதே நம்பர்தானே?"

"பழசுக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டு சார். எந்த இழையாவது ரொம்ப நேரம் காத்துக் கிடந்தா, நம்பரைப் பாக்காம ஒரு தடவை முன்னால விட்டுடும். புதுசு குழு போட்ட வரிசையை அப்படியே மதிக்குது."

"அதுதானேம்மா ஒழுங்கு?"

"ஆமா சார். இத்தனை வருஷம் பழசு நம்ம பேச்சைக் கேக்காததாலதான் வண்டி நேரத்துக்குப் போச்சு. இப்ப சொல்லுங்க, இதுல யார் கையெழுத்துப் போடணும்?"