எல்லை தாண்டிய ஈ

"கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பொண்ணு எடுக்கறது ஒண்ணும் தப்பில்லீங்க. ஆனா அங்கத்த ஈ நம்ம ஒடம்புக்குச் சேராது."

பொள்ளாச்சி பஸ்ஸில் முன் சீட்டில் யாரோ யாரிடமோ சொன்னது, பின் சீட்டில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்த கதீஜாவின் காதில் விழுந்தது. அவள் வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில்தான். அடுத்த மாதம் அவள் மகள் அன்சிலாவுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீடு பொள்ளாச்சி.

மண்டபம் பிடிக்கலாம் என்றுதான் கதீஜா சொன்னாள். சம்பந்தியம்மா மைமூன் ஒப்பவில்லை. மண்டபமெல்லாம் போன வருஷத்து நாகரிகமாம்.

"உங்க ஊட்டுத் தோட்டத்துலயே இயற்கையா வெச்சுக்கலாமுங்க. மருந்தடிக்கறது, புகை போடறது ஒண்ணும் வேண்டாமுங்க. போட்டோல நல்லாருக்காது."

தோட்டத்தில் மா இருந்தது, கொய்யா இருந்தது, ஈயும் இருந்தது. மொய்க்கிற ஈ அல்ல, கடிக்கிற ஈ. கணுக்காலில் உட்கார்ந்தால் ஊசி இறங்கும். மதிலுக்கு அந்தப் பக்கம் அரசாங்கத்தின் இயற்கை எருக்குழி. பொள்ளாச்சியிலிருந்து லாரியில் வந்த கோழி எரு அதில் மழையில் ஊறிக் கிடந்தது.

கதீஜா எல்லையோரப் பூச்சி நல்லிணக்க அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி கோபிநாத் நேரில் வந்து, ஓர் ஈயைப் பாட்டிலில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது நம்ம ஈ இல்ல" என்றார்.

"எப்படிங்க சார் சொல்றீங்க?"

"நம்முடையது சம்பூர்ண இயற்கைப் பஞ்சாயத்துன்னு அறிவிச்சாச்சு. இங்கத்த ஈக்குக் கடிக்க வேண்டிய ஆவசியமே இல்ல. எரு எங்கிருந்து வந்ததோ அங்கத்த ஈ இது. செக்போஸ்ட்டுல சொல்லாம நுழைஞ்சிருக்கு. பரிகாரம் அந்த சர்க்காரைத்தான் கேட்கணும்."

கதீஜா பொள்ளாச்சிக்குப் போய்க் கேட்டாள். அங்கிருந்த அதிகாரி தன்மையாகத்தான் பேசினார்.

"எரு எங்களுதுதானுங்கம்மா, இல்லைன்னு சொல்லல. ஆனா முட்டை பொரிஞ்சது உங்க மண்ணுல. பொறந்த எடந்தானுங்களே சொந்த ஊரு?"

கதீஜா பிறந்தது பொள்ளாச்சி. வாழ வந்த ஊரில் அவளைத் தமிழ்நாட்டுக்காரி என்பார்கள், பிறந்த ஊருக்குப் போனால் கேரளாக்காரி என்பார்கள். ஈயும் தன் சாதிதான் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

திரும்பி வந்தவளிடம், கருணை அடிப்படையில், கோபிநாத் துளசிக் கன்றும் எலுமிச்சைப் புல்லும் கொடுத்தார்.

"வளர்ந்து வாசனை வந்தா ஈ ஓடும்."

"எப்பங்க சார் வளரும்?"

"அடுத்த வருஷம்."

"நிச்சயம் அடுத்த மாசமுங்க."

"அப்போ பேரப்பிள்ளைக்கு உதவும்."

"டேபிள் ஃபேன் வெச்சா? காத்துக்கு ஈ நிக்காதுங்களே."

கோபிநாத் ஆழ்ந்து யோசித்தார். "நம்ம மலையில இருக்கற பள்ளிவாசல் பவர்ஹவுஸ் கரண்டுன்னா வெக்கலாம். தண்ணியில எடுக்கறது, இயற்கை. ஆனா உங்க கம்பியில வர்றது பள்ளிவாசல் கரண்டா, கரிக் கரண்டான்னு பிரிச்சுப் பார்க்க ஆபீஸ்ல உபகரணம் இல்ல."

"அந்தக் குழிய மண்ணுப் போட்டு மூடிட்டாத் தீந்துச்சுங்களே."

"ஐயோ, கூடாது. அது திறப்பு விழா நடந்த குழி. விழா வெச்சுத் திறந்ததை வெறுமனே மூடினா, திறந்தவருக்கு என்ன மரியாதை?"

அலுவலகம் லீவு விட்ட ஒரு மத்தியானம், கதீஜாவும் அவள் வீட்டுக்காரர் மூசாவும் மண்வெட்டியை எடுத்தார்கள். காய்ந்த சருகு ஓர் அடுக்கு, அதன்மேல் மண். ஈ மெல்ல அடங்கியது. நிச்சயத்துக்கு முந்தின வாரம் தோட்டத்தில் பட்டாம்பூச்சிதான் பறந்தது.

கோபிநாத் வந்தார். மூசா தூணுக்குப் பின்னால் நகர்ந்தார். ஆனால் அதிகாரிக்குக் கோபம் இல்லை, முகமெல்லாம் பூரிப்பு.

"மருந்தில்லாம, புகையில்லாம ஈயை ஒழிச்ச முதல் ஆபீஸ் நம்மதுதான். மேலே சொல்லியாச்சு. ஞாயித்துக்கிழமை காலையில மூடு விழா. உங்களுக்குப் பொன்னாடை."

"அன்னிக்குத்தானுங்க சார் எங்க நிச்சயம்."

"நல்லதாப் போச்சு. கூட்டத்துக்கு ஆள் தேட வேண்டாம்."

"மூடியாச்சுங்களே சார். இனி என்னத்த மூடுவாங்க?"

விவரமில்லாதவளைப் பார்ப்பது போல கோபிநாத் அவளைப் பார்த்தார். மறுநாளே ஜேசிபி வந்து, மூடிய மண்ணை வாரி வெளியே போட்டு, குழியைத் திறந்துவிட்டுப் போனது. குழி பார்வைக்கு நிறைவாக இருக்கட்டும் என்று பொள்ளாச்சியிலிருந்து இன்னொரு லோடு எருவும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, மாமரத்தடியில் பட்டுப்புடவையோடு மைமூன் உட்கார்ந்தாள். முதல் கடிக்குச் சிரித்தாள். இரண்டாவது கடிக்கு, "நல்ல இயற்கையான எடமுங்க" என்று சொல்லி, ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்தாள். ஒருவரும் ஈயை அடிக்கவில்லை. கையை அசைத்தால் படம் கெட்டுவிடும் என்று போட்டோக்காரர் சொல்லியிருந்தார். மாப்பிள்ளையின் அத்தா மட்டும் மைமூனிடம் குனிந்து, "நாளைத் தள்ளி வெச்சுக்கலாமா?" என்றார். அன்சிலா தலையைக் குனிந்துகொண்டாள். நிச்சயத் தட்டு இன்னும் மாற்றவில்லை.

அப்போது மதிலுக்கு அப்பால் மைக் அலறியது: "ஈ ஒழித்த வீராங்கனை கதீஜா அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்."

கதீஜா போனாள். பிரமுகர் ஒரு கையால் கழுத்தைச் சொறிந்துகொண்டே மறு கையால் பொன்னாடை போர்த்தினார். கைதட்டல் பலமாக இருந்தது. பாதிப் பேர் ஈயை அடித்தார்கள்.

அவள் வந்த வழியே திரும்பித் தோட்டத்துக்கு நடந்தாள். பொன்னாடையை உருவி விரித்து, சம்பந்தியம்மாவைத் தலை முதல் கால் வரை அதனால் மூடினாள். பிறகு அதன் ஓரத்தைக் கொஞ்சமாகத் தூக்கி, உள்ளே தட்டை நீட்டினாள்.