மாலைக்குக் குனிந்தது சம்மதமா?

இயேசு மரி சூசை துணை

குருநகர்,
ஆவணி, 1976

அன்புள்ள மச்சான் செபநாயகத்துக்கு,

கொழும்பில் நீரும் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் குறைவின்றி இருக்க மாதாவை மன்றாடுகிறோம். இங்கு உமது அக்கா லூர்த்தம்மா சுகம். மகள் யோசப்பின் சுகம். ஆடும் சுகம். எனக்கு மட்டும் வேலை போய்விட்டது. நீர் தொழிலாளர் வழக்குப் பார்க்கிற தொழிற் கந்தோரில் இருப்பவர் என்றபடியால் நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். சிரிக்காமல் வாசிக்கவும்.

எங்கள் ஐஸ் கொம்பனியில் யாருக்குப் பிரியாவிடை என்றாலும் அதை நடத்துகிறவன் நான் என்பது உமக்குத் தெரியும். மாலை, கதிரை, வாழ்த்துமடல், படம் பிடிக்கிற ஸ்ரூடியோக்காரன், கடைசியில் நன்றியுரை, எல்லாம் சூசைதாசன்தான். போன கிழமை முதலாளி கூப்பிட்டு, "சூசை, கனகாலம் இருந்த ஒராள் போறார். சத்தம்போடாமல் ஒழுங்கு செய்யும். வாழ்த்துமடலிலை பேருக்கு இடம் விடும், பிறகு சொல்லுறன்" என்றார். எனக்குப் பேர் என்னத்துக்கு? மனேச்சர் அருளம்பலம்தான் போறார் எண்டு மனம் துள்ளிச்சுது. இணுவிலிலையிருந்து வந்து சைக்கிளை நிப்பாட்ட முந்தியே என்னிலை பிழை பிடிக்கிற மனுசன். அந்தக் கிழமை முழுக்க என்னைக் கண்டால் முகத்தை மற்றப்பக்கம் திருப்பினார். வேலை போற வெக்கம் பாவம் எண்டு நினைச்சன், மச்சான். நான் ஒரு மோட்டு மாடு.

அருளம்பலத்துக்கு என்னத்துக்குக் கேக்? வாழைப்பழம் காணும் எண்டு விட்டன். பிளேன்ரீக்குச் சீனியும் குறைச்சன். பரிசுக்கு ஒரு பொல்லு வாங்கினன், வீட்டிலை இருந்து ஆடு கலைக்கட்டும் எண்டு. விருந்தாளிக் கதிரைக்கு ஒரு கால் ஆட்டம், அதைத் தேடிப்பிடிச்சு நடுவிலை வைச்சன். மாலையிலை ரோசாப்பூ ஒண்டு ரெண்டுதான் கிடந்துது. வாழ்த்துமடலைப் பற்றிக் கேளாதையும், என்ரை ஆயுளிலை அப்பிடி ஒண்டு எழுதேல்லை:

இருந்தபோதும் தெரியவில்லை இவரென்ன செய்தாரென்று
பிரிந்தபின்னும் தெரியாது புண்ணியவான் வாழியவே!

அதை எழுதிப்போட்டு நானே விழுந்து விழுந்து சிரிச்சன். அக்கா அடுப்படியிலையிருந்து எட்டிப் பாத்து, மனுசனுக்கு விசராக்கிப்போச்சு எண்டா.

பிரியாவிடை நாளண்டைக்கு எல்லாரும் கூடியாச்சு. முதலாளி மாலையோடை எழும்பி நேரா என்னட்டை வாறார். பிடிச்சிருக்கத் தரப்போறார் எண்டு நான் கையை நீட்ட, மாலை கழுத்துக்கு வந்துது. மாலை கிட்ட வந்தா எந்தக் கழுத்தும் குனியும்தானே? குனிஞ்சுது. கொம்பனி என்னை ஒரு சொல் கேக்கேல்லை எண்டு இப்ப கத்துறன், என்ரை கழுத்தும் என்னைக் கேக்கேல்லை. அப்பிடியே தோளைப் பிடிச்சு அந்தக் கதிரையிலை இருத்திவிட்டினம். ஆடின ஆட்டத்திலை நான் ரெண்டு கையாலும் முதலாளியின்ரை வேட்டியைப் பிடிச்சுக்கொண்டன். அருளம்பலம் தொண்டையைச் செருமி, "எங்கள் அன்பின் சூசைதாசன் அவர்களுக்கு" எண்டு வாழ்த்துமடலை வாசிக்கத் தொடங்கினார். நல்ல குரல் மனுசனுக்கு, ராகமாவே வாசிச்சார். புண்ணியவான் வாழியவே எண்டேக்கை கை தட்டினாங்கள்! ஸ்ரூடியோக்காரன் சிரியுங்கோ எண்டான், படமெண்டா ஆர் சிரியாமல் விடுறது, சிரிச்சன். பிறகு வழமைபோலை நன்றியுரைக்குக் கூப்பிட்டினம். வாய் பழகின வாய், தன்ரை பாட்டிலை ஓடிச்சுது. வாய்ப்பளித்த முதலாளிக்கு நன்றி, இப்பிடியொரு நாள் உங்கள் ஒவ்வொருவருக்கும் கெதியிலை வரவேணும் எண்டு மன்றாடுறன் எண்டிட்டு வந்து இருந்தன்.

இருந்த பிறகுதான் எனக்கு விளங்கிச்சுது. ஐயோ மாதாவே, பிரியாவிடை எனக்கு, மச்சான். முதலாளியை மறிச்சு, "என்னட்டைக் கேளாமல், முன்கூட்டிச் சொல்லாமல் எப்பிடி நிப்பாட்டுவியள்?" எண்டன். "கொம்பனியிலை ஆள் கூடிப்போச்சு, சூசை" எண்டார். லொறி ஓடுற பிலிப்பு உடனை, தொழிலாளி எழுத்திலை சம்மதம் தரவேணும், இல்லாட்டித் தொழில் ஆணையாளர் அனுமதி தரவேணும், சட்டம் வந்திட்டுது எண்டு சத்தம் போட்டான். முதலாளி சிரிச்சார். "மாலைக்குக் குனிஞ்சனீர், படத்துக்குச் சிரிச்சனீர், நன்றியும் சொன்னனீர். இதுக்கு மேலை என்ன சம்மதம்?"

இதுதான் மச்சான் என்ரை கேள்வி. உந்தச் சட்டத்திலை குனிஞ்சா சம்மதமோ? சிரிச்சா சம்மதமோ? அந்த வாழைப்பழத்திலை நானும் ஒண்டு திண்டனான், அதுவும் சேருமோ? சம்மதம் தரேல்லை எண்டு காட்ட நான் இன்னும் சோத்துப் பாசலோடை ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போறன். அந்த ஆடுற கதிரையிலை, பரிசா எனக்கே வந்த பொல்லை ஊண்டிக்கொண்டு இருக்கிறன், ஆரும் வேலை தருகினமில்லை. ஞாயிற்றுக்கிழமை யோசப்பினைப் பாக்கப் பாசையூரிலையிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகினம். தேப்பன் என்ன செய்யிறார் எண்டுதான் முதல் கேள்வி வரும். பிள்ளை முகம் வாடிப்போய் நிக்கிறாள், எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு. சட்டம் அருளம்பலத்தையும் பிடிக்குமெண்டால் நல்லா இறுக்கிப் பிடிக்கச் சொல்லும், எல்லாம் தெரிஞ்சும் வாய் திறவாத மனுசன்.

உமது அக்காவின் அன்பும் யோசப்பினின் முத்தங்களும் பிள்ளைகளுக்கு. அந்தோனியார் உங்களை எந்தக் குறைவுமில்லாமல் காப்பாராக.

இப்படிக்கு
குனிந்த கழுத்தோடு உமது அத்தான்
சூசைதாசன்

பி.கு.: முத்திரை வாங்க மறந்து கடிதம் மேசையிலை கிடக்க, சனிக்கிழமை முதலாளியின்ரை கார் வாசலிலை. "சூசை, திங்கள் வேலைக்கு வாரும். இன்னொரு பிரியாவிடை கிடக்கு, உம்மை விட்டா நடத்த ஆளில்லை. இதை வடிவாச் செய்தா நீர் உம்மடை பாட்டிலை இருக்கலாம். பேர் பிறகு சொல்லுறன்" எண்டார். ஓம் எண்டிட்டன். ஞாயிறு வந்த ஆக்களுக்கும் வேலையிலை இருக்கிறன் எண்டு நெஞ்சை நிமித்திச் சொல்லியாச்சு, அவைக்கு யோசப்பினைப் பிடிச்சுக்கொண்டுது. ஆனபடியால் மேலை எழுதினது ஒண்டையும் கணக்கெடுக்காதையும் எண்டுதான் எழுத இருந்தன்.

இண்டைக்குக் காலமை அருளம்பலம் கிட்ட வந்தார். "உம்மடை விசயத்திலை நான் பேசாமல் இருந்தது பிழை, சூசை" எண்டார். பிறகு குரலைக் குறைச்சு, "இப்பவும் ஆரோ போகினமாம், பேர் எனக்கும் தெரியாது. வீண் செலவு வேண்டாம், பிளேன்ரீ காணும்" எண்டார். மனேச்சருக்கே பேர் சொல்லேல்லையெண்டால் போறவர் ஆர் எண்டு எனக்கு விளங்கிச்சுது. அந்த மனுசனுக்கு வீட்டிலை கட்டிக் குடுக்க ரெண்டு குமர். முதலாளி அறிஞ்சா என்ரை கதை திரும்பவும் முடிஞ்சுது, எண்டாலும் மனம் கேளாமல், "ஐயா, மாலையோடை ஆர் வந்தாலும் குனியாதையுங்கோ" எண்டு சொல்லிப்போட்டன். மனுசன் அந்தக் கதிரையிலையே பொத்தெண்டு இருந்திட்டார். விழேல்லை. திரும்ப வேலைக்கு வந்த உடனையே நான் அந்தக் காலுக்கு ஆணி அடிச்சுப்போட்டன்.

சட்டத்தை ரெண்டு பிரதியா அனுப்பும், மச்சான்.