தண்ணீர்த் தொட்டிமேல் வருகைப்பதிவு

கல்வித் தொழில்நுட்பம் கன்னிவாடிப் பக்கம் வந்து இறங்கியபோது அதற்குச் சிக்னல் கிடைக்கவில்லை.

வந்தது ஒரு சின்னப் பெட்டி. பெயர் 'குரலொளி'. அதன் முன் நின்று "உள்ளேன் ஐயா" என்றால் போதும், குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்து வருகை போட்டுவிடும். ஆசிரியர்களுக்கும் அதே சட்டம்தான். குரல் கொடுக்காதவர் பணிக்கு வராதவர். பணிக்கு வராதவருக்குச் சம்பளம் கிடையாது. பெயரைச் சொன்னால் வருத்தப்படக்கூடிய அந்த மேல்நிலைப்பள்ளியில் எந்த அறையில் வைத்தாலும் பெட்டி வாய் திறக்கவில்லை. கடைசியில் தண்ணீர்த் தொட்டிமேல் தூக்கி வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. 'தொழில்நுட்பத்தை உயரத்தில் வைத்துப் போற்றி வருகிறோம்' என்று தலைமையாசிரியர் ஞானதாஸ் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

குரல் பதிவு நாளன்று பள்ளிக்கூடமே ஏணியில் ஏறி இறங்கியது. பத்தாம் வகுப்பு பிரின்ஸின் முறை வந்தது. இவனுக்கு ஒரு வியாதி. கேட்ட குரலெல்லாம் தொண்டைக்குள் குடிவந்துவிடும். கொடைரோடு ஸ்டேஷன் அறிவிப்பு, மீன்வண்டி முகமது ரஃபீக்கின் மைக், பங்குச்சாமியின் பிரசங்கம் எல்லாமே கைவசம் உண்டு. முதலிடம் மட்டும் ஞானதாஸ் சாருக்கு. கீழே அண்ணாந்து நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் பிரின்ஸுக்குத் தொண்டை ஊறியது. சாரைப் போலவே இருமுறை செருமினான்.

"ம்ஹ்ம்... ம்ஹ்ம்... போயி அப்பாவக் கூட்டிட்டு வந்துட்டு அப்புறம் கிளாசுக்குள்ள கால வை!"

கூட்டம் சிரித்தது. பெட்டி சிரிக்கவில்லை.

"நன்றி, பிரின்ஸ். உங்கள் குரல் நிரந்தரமாகப் பதிவு செய்யப்பட்டது."

கடைசியாக ஞானதாஸ் சார் ஏறினார். "ம்ஹ்ம்... ம்ஹ்ம்... நான் தலைமையாசிரியர்..."

"வணக்கம், பிரின்ஸ். நீங்கள் பத்தாம் வகுப்பு மாணவர். மீண்டும் பதிய இயலாது."

சார் தொட்டிமேல் நின்றபடியே திண்டுக்கல் அலுவலகத்துக்குப் போன் போட்டார். குரலொளித் திட்ட அலுவலர் கௌசல்யா எடுத்தார்.

"மேடம், என்னய மாணவன்னு சொல்லுது."

"அப்ப நீங்க மாணவர்தான் சார். பெட்டி தப்புப் பண்ணாது."

"நான் ரிட்டயர் ஆகப் போறேன் மேடம்!"

"படிக்கிறதுக்கு வயசு ஏது சார்?"

"அந்தப் பய பேர அழிச்சுருங்க."

"தாராளமா. மாணவர் எண்ணிக்கையில ஒன்னு குறையும். உங்க ஸ்கூல்ல ஒரு ஆசிரியர் உபரின்னு வரும். அழிச்சுரவா?"

"வேணாம் மேடம்!"

"அப்பத் தலைமையாசிரியருக்கு வேற ஏதாச்சும் ஒரு குரலக் குடுங்க. இடம் காலியா மட்டும் இருக்கக் கூடாது."

சார் பிரின்ஸைப் பார்த்தார். கோபிக்க நேரமில்லை.

"ஏலே, உன் சொந்தக் குரல் எங்கடா?"

"கீச்சுகீச்சுன்னு இருக்கும் சார். அதான் வெளிய எடுக்குறதில்ல."

அந்தக் கீச்சுக்குரல் அன்று தலைமையாசிரியர் ஆனது.

அதன்பிறகு பிரின்ஸ் வாழ்ந்தான். தினமும் காலையில் தொட்டிமேல் ஏறுவான். கீச்சுக்குரலில் "தலைமையாசிரியர் பணியில் உள்ளேன்" என்பான். அப்புறம் செருமிக்கொண்டு, சார் குரலில் "உள்ளேன் ஐயா" என்பான். ஒரே ஆளாக நிர்வாகத்தையும் மாணவர் சமுதாயத்தையும் கட்டிக்காத்தான்.

"பிரின்ஸ், வீட்டுப்பாடம் எங்க?"

"சார், நாளைக்கு எனக்குத் தொண்டை கட்டும்போல இருக்கு."

"உடம்பப் பாத்துக்க அப்பு. வீட்டுப்பாடம் எங்க போயிரப் போகுது?"

அரைப்பரீட்சை முடிந்த ஒரு காலையில் பிரின்ஸ் வாயைத் திறந்தான். 'தலைமை' என்பது கீச்சென்று கிளம்பியது. 'ஆசிரியர்' என்பது சிறுமலை ஏறும் லாரிபோல உறுமியது. மீசை அரும்பும் வயதில் குரல் உடைந்துவிட்டது.

"குரல் பொருந்தவில்லை" என்றது பெட்டி.

பதறிப்போய்ச் சார் குரலை எடுத்தான். அதுவும் நடுவில் பிளந்தது. "குரல் பொருந்தவில்லை." ஒரே காலையில் பள்ளிக்கூடம் ஒரு தலைமையாசிரியரையும் ஒரு மாணவனையும் இழந்தது.

வருகை குறைந்தால் ஹால் டிக்கெட் கிடையாது. ஹால் டிக்கெட் இல்லாவிட்டால் பத்தாவது போச்சு. பிரின்ஸ் தொட்டிமேல் உட்கார்ந்து அழுதான். அந்த அழுகையாவது யார் குரல் என்று அவனுக்கே பிடிபடவில்லை.

"ஏலே, அழுகைய நிப்பாட்டு," என்றார் சார். "உன் வருகைய நான் சொல்லிர்றேன். என் வருகைக்கு ஆள் சொல்லு."

ஆள் இருந்தது. ஆறாம் வகுப்பில் படிக்கும் தங்கை ஏஞ்சலின். நேற்றுவரை போனில் பேசினால் அண்ணனா தங்கச்சியா என்று அம்மாவே குழம்பும். ஏஞ்சலின் ஏணியில் ஏறி, "தலைமையாசிரியர் பணியில் உள்ளேன்" என்றாள். பெட்டி, "வணக்கம் ஐயா" என்றது. பின்னாலேயே பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு ஞானதாஸ் சார் ஏறினார். "உள்ளேன் ஐயா" என்றார். எல்லாம் முறைப்படி நடந்தது.

ஒரே ஒரு சிக்கல். தொட்டியிலிருந்து இறங்கி ஓடுவதற்குள் ஏஞ்சலினுக்கு வகுப்பு தொடங்கிவிடும். அவளுக்கு முன்னால் இறங்கி, குச்சியோடு வராண்டாவில் நிற்பவரும் சார்தான்.

"லேட்டு! வெளிய நில்லு."

"சார், உங்களுக்காகத்தான சார் மேல ஏறுனேன்?"

"சட்டம் எல்லாருக்கும் ஒன்னுதான். ம்ஹ்ம்... ம்ஹ்ம்... போயி அப்பாவக் கூட்டிட்டு வந்துட்டு அப்புறம் கிளாசுக்குள்ள கால வை!"

ஏஞ்சலின் அவரையே உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வியாதி குடும்ப வியாதி என்பதை யாரும் யோசிக்கவில்லை.

ஹால் டிக்கெட்டுக்கு முந்தைய வாரம் புது உத்தரவு வந்தது. ஆங்கிலப் பேச்சுத் தேர்வைக் குரலொளியே நடத்தும். தேறியவருக்குத்தான் ஹால் டிக்கெட். பிரின்ஸின் குரல் ஞானதாஸ் சாரிடம் இருந்ததால் அவரே தொட்டிமேல் போய் நின்றார்.

"பயப்படாத," என்றார் பிரின்ஸிடம். "நான் இங்கிலீஷ் வாத்தியாரு. சென்டம்தான்."

பெட்டி கேட்டது: "டெல் மீ அபவுட் யுவர் ஸ்கூல், பிரின்ஸ்."

"ம்ஹ்ம்... மைசெல்ஃப் பிரின்ஸ். அவர் ஸ்கூல் இஸ் வெரி டிசிப்ளின் ஸ்கூல். அவர் ஹெட்மாஸ்டர் இஸ் எ வெரி குட் கேரக்டர் மேன். ஐ ஆம் ஆல்வேஸ் ஃபாலோயிங் ஹிம்."

பெட்டி சொன்னது: "தகுதி பெறவில்லை, பிரின்ஸ். உங்கள் ஆங்கிலம் மிகவும் பின்தங்கியுள்ளது. மறுவாய்ப்பு வேண்டுமானால் தலைமையாசிரியரின் குரல் ஒப்புதல் தேவை. உங்கள் தலைமையாசிரியரை அணுகவும்."

சாரும் பிரின்ஸும் ஒன்றாகத் திரும்பினார்கள். ஏணிப்படியில் உட்கார்ந்து ஏஞ்சலின் உப்புத் தொட்டு நெல்லிக்காய் கடித்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா," என்றார் சார். "ஒப்புதல்னு ஒரே ஒரு வார்த்தை. அண்ணன் படிப்பும்மா."

"சொல்லுடி," என்றான் பிரின்ஸ் லாரிக்குரலில். "என் செல்லம்ல?"

ஏஞ்சலின் கொட்டையைத் துப்பினாள். எழுந்தாள். பாவாடையைத் தட்டிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"ம்ஹ்ம்... ம்ஹ்ம்... ரெண்டு பேரும் போயி அப்பாவக் கூட்டிட்டு வாங்க."